முதலில் செவலைக்கு, அப்புறம் எனக்கு

1

என் மகள் சுமதியின் பிறந்த நாள் வந்தால் அவளுடைய சிநேகிதர்கள் ஒரு கதை கேட்பார்கள். நியூசிலாந்தில், ஹாமில்டன் நகரத்தின் ஓரத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குப் பின்னால் ஒரு புல்தரை உண்டு. அங்கே இறைச்சி வாட்டும் அடுப்பை மூட்டிவிட்டு ஆளுக்கொரு தட்டோடு நிற்பார்கள். பேச்சு சூடு பிடித்ததும் யாராவது ஒருவர், "அந்த மாட்டுக் கதையைச் சொல்லு" என்பார். சுமதி என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் ஆரம்பிப்பாள்.

"அம்மா வயித்துல நான் இருந்தப்ப, ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும்னு டாக்டர் சொன்னாங்க. எங்க அப்பத்தா ஒரே பிடியா முடியாதுன்னுட்டாங்க. அப்புறம் எங்க வீட்டு மாட்டுக்கு அதே ஆபரேஷன் நடந்தது. மாடு பிழைச்சுது. சரி, மாடே பிழைச்சா மருமகளும் பிழைப்பான்னு சம்மதிச்சாங்க. ஆக, நான் இங்கே நிக்கிறதுக்கு ஒரு மாடுதான் காரணம்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இந்த வருஷமும் அப்படித்தான் நடந்தது. ஆனால் கூட்டம் கலைந்த பிறகு என் பேத்தி மீரா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் பேசும் தமிழ் அவளுக்குப் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். "அம்மாயி, உன்னைவிட அந்த மாட்டைத்தான் உன் மாமியாருக்குப் பிடிக்குமா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் முழுக்கச் சொல்ல ஆஸ்பத்திரிச் சமாசாரம் வேண்டும்; அவளுக்கு அந்தத் தமிழ் எட்டாது, எனக்கு அந்த ஆங்கிலம் வராது. நான் இங்கே வந்து பல வருஷம் ஆகிவிட்டது. கடைக்கும் பஸ்ஸுக்கும் என் ஆங்கிலம் போதும். ஆஸ்பத்திரி என்றால் அங்கேயே இடறும். ஒருமுறை பித்தப்பைக் கல்லுக்காகப் போயிருந்தபோது ஒரு நர்ஸ், கையில் இருந்த தாளில் குறித்துக்கொண்டே, "செக்‌ஷன் ஆகியிருக்கிறதா?" என்று கேட்டாள். எங்கள் ஊரில் செக்‌ஷன் என்றால் மின்சார வாரிய ஆபீஸ். மின் கட்டணம் கட்டவும் ஃபியூஸ் போனால் சொல்லவும் அங்கேதான் போக வேண்டும். நான் எந்தப் பகுதியைச் சேர்ந்தவள் என்று விசாரிக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, "கொழிஞ்சாம்பாறை செக்‌ஷன்" என்றேன். அவள் அதை எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டாள். வயிற்றைப் பரிசோதித்த டாக்டர் தழும்பைப் பார்த்துவிட்டுக் கேட்ட பிறகுதான், குழந்தையை வெட்டி எடுக்கும் ஆபரேஷனுக்கு இங்கே அதுதான் பெயர் என்று தெரிந்தது.

சுமதி சொல்லும் கதையில் தப்பு ஒன்றும் இல்லை. நடந்தது அதுதான். ஆனால் அதில் வருகிற மாமியார் என்னுடைய மாமியார் இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2

பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில் வடகரப்பதி இருக்கிறது. ரேஷன் கடையிலும் பஞ்சாயத்து ஆபீசிலும் மலையாளம். வாசல்படி தாண்டினால் கோயமுத்தூர்த் தமிழ். கேரளம் என்றதும் எல்லோரும் நினைக்கிற மழையும் பச்சையும் எங்கள் பக்கம் வந்து சேராது. கிணற்றை நம்பிக் கடலையும் சோளமும் பருத்தியும் போடுவோம்.

நான் கல்யாணமாகி அங்கே போனது எழுபதுகளின் தொடக்கத்தில். அப்போது வருஷத்துக்கு ஒரு புதுப் பொருள் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. மாடு கட்டி இறைக்கும் கவலை ஏற்றம் போய்க் கரண்டு மோட்டார் வந்தது. சாணி உரத்தோடு யூரியா மூட்டையும் வந்தது. விதைச் சோளத்தை வீட்டிலேயே எடுத்து வைத்த காலம் போய், கடையில் வாங்கிய விதை வந்தது. என் வீட்டுக்காரர் நடராஜனுக்கு எது புதிதாக வந்தாலும் ஒரு தடவை செய்து பார்த்துவிட வேண்டும். என் மாமியார் ராமாத்தாள் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. மோட்டார் போட்ட முதல் நாள் கிணற்று மேட்டில் உட்கார்ந்து, தண்ணீர் ஏறி வருகிற குழாயை வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இது எப்படிடா கீழ இருக்கற தண்ணியை மேல இழுக்குது?" என்று மகனைக் கேட்டார். வீட்டுக்காரருக்குச் சொல்லத் தெரியவில்லை. "தெரியாமத்தான் வாங்கினயா?" என்றார் மாமியார்.

புதிதாக வந்தவற்றில் கடைசியாக வந்தது சினை ஊசி. இடுக்கி மலைமேல் ஒரு பண்ணையில் சீமைக் காளைகளை வளர்க்கிறார்கள், அவற்றின் வித்து எடுத்து உறைய வைத்து ஊர் ஊராக அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். மிருகாஸ்பத்திரிக்காரர் சைக்கிளின் பின்னால் ஒரு குடத்தைக் கட்டிக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை வழிந்து தரையில் ஓடியது. அடுப்பு இல்லாமல் எப்படிப் புகை வருகிறது என்று நான் கையை நீட்டப் போனேன். "தொடாதீங்க, தோல் வெந்தது மாதிரி ஆயிரும்" என்றார். குளிரும் வேக வைக்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"காளையைக் கண்ணுலயே பாக்காமச் சினையா?" என்று மாமியார் சிரித்தார். ஆனால் மாட்டின் தலைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டது அவர்தான். அந்த மாடு, என் அப்பா எனக்குச் சீராகக் கொடுத்த செவலைக் கிடேரி. அதற்கு அதுதான் முதல் சினை.

அதையொட்டி நானும் மாசமானேன். எனக்கு அது இரண்டாவது. முதல் பிள்ளை வீட்டில் பிறந்தான். வலி கண்டு, பகலும் இரவும் மறுபகலும் போய், பிறக்கும்போது உயிர் இல்லை. எந்த நேரத்தில் போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. மாமியார்தான் அவனைக் குளிப்பாட்டி, தன்னுடைய பழைய சேலையில் சுற்றி, யார் கையிலும் கொடுக்காமல் தோட்டத்துக் கோடிக்குக் கொண்டு போனார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மறுபடி நாள் தள்ளியபோது வீட்டுக்காரர் என்னைப் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். மாமியாரும் வந்தார். அங்கே கோமதி என்று ஒரு டாக்டரம்மா. கல்பாத்தித் தேர் வீதியில் பல தலைமுறைகளாக இருக்கிற தமிழ்க் குடும்பம். எல்லோரிடமும் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். அது எங்கள் தமிழ் இல்லை.

"ஆத்துல யாரெல்லாம் இருக்கா?" என்று கேட்டார்.

மாமியார் யோசித்தார். "ஆத்துல தண்ணியே இல்லீங்களே. யாரு இருப்பாங்க?" என்றார்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "சரி, ஊட்டுல யாரு இருக்கா?" என்று எங்கள் வார்த்தையிலேயே கேட்டார். அதிலிருந்து எங்களுக்கு அவரிடம் பயம் போயிற்று. ஆனால் பரிசோதனை முடிந்து அவர் சொன்னதைக் கேட்டதும் பயம் திரும்பி வந்துவிட்டது.

"இடுப்பெலும்பு சின்னதாக்கும். குழந்தை தலை இறங்கி வர வழி போறாது. போன தடவை பட்டதே போறும். மாசம் நெருங்கறச்சே இங்கே வந்து படுத்துண்டுடு. ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம், கேட்டயா?"

அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் ஆபரேஷன் என்ற சொல்லுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் இருந்தது. குடும்பக் கட்டுப்பாடு. ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து சொல்லிப் போவார்கள். வேறு வைத்தியத்துக்குப் போன பெண்ணுக்கு அதையும் சேர்த்துச் செய்துவிட்டார்களாம் என்று சந்தையில் பேசிக்கொள்வார்கள். யாருக்கு, எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனாலும் பேச்சு நிற்காது.

மாமியார் வீட்டுக்கு வந்து, கால் கழுவி, உள்ளே போனவர் திரும்பி வந்தார். "வேண்டாஞ்சாமி" என்றார் மகனிடம். "போன தடவை புள்ளை போச்சு. வகுத்தைக் கிழிச்சு இவளும் போயிட்டா நான் யாரு மூஞ்சில முழிப்பேன்? பொழச்சாலும், உள்ளாற அவங்க என்னத்தை முடிச்சு உட்டாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்? அப்பறம் இவளுக்குன்னு ஒண்ணு வேண்டாமா?"

"அம்மா, டாக்டரம்மா படிச்சவங்க..."

"படிச்சவங்கதான். நான் இல்லீன்னு சொல்லலை. வகுறு இவளுது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கும் பயம்தான். அதுவே பதிலாகிவிட்டது.

3

மாட்டுக்கும் மனுஷிக்கும் சுமக்கிற காலம் கிட்டத்தட்ட ஒன்றுதான். செவலைக்கு என்னைவிடக் கொஞ்சம் முன்னால் ஊசி போட்டார்கள். காலையில் மாமியார் முதலில் தொழுவத்துக்குப் போய் அதன் வயிற்றைத் தடவிப் பார்ப்பார்; பிறகு அடுக்களைக்கு வந்து என் வயிற்றைப் பார்ப்பார். அதைப் பார்த்து ஊரில் கேலி பேசினார்கள். மீராவுக்குத் தோன்றிய சந்தேகம் அப்போதே சிலருக்கு இருந்திருக்கும்.

ஒரு நாள் விடியும்போது செவலை முக்க ஆரம்பித்தது. வெயில் ஏறுகிற வரைக்கும் முன்னங்கால் குளம்புகள் இரண்டு மட்டும் வெளியே தெரிந்தன. அதற்கு மேல் வரவில்லை. ஊரில் கன்று இழுத்துப் பழகின ஒருவர் வந்து கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார். மாடு முழங்கால் மடங்கி விழப் போனது. "சீமைக் காளை வித்து. கன்னு பெருசு. இந்தச் சின்ன மாடு தாங்காது" என்று கையைக் கழுவிக்கொண்டார்.

வீட்டுக்காரர் மிருகாஸ்பத்திரிக்கு ஓடினார். திரும்பும்போது மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தார். ஓட்டி வந்தவர் மாத்யூ டாக்டர். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத இளைஞர். இடுக்கி மலையில் உடும்பஞ்சோலைக்காரர். ஏலத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த தேனிப் பக்கத்து ஆட்களோடு வளர்ந்ததால் தமிழ் பேசுவார், ஆனால் அதுவும் வேறு தமிழ்.

சட்டையைக் கழற்றி, தோள் வரைக்கும் சோப்புப் போட்டுக் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். "கன்னு ரொம்பப் பெருசும்மா. பாதை சிறுசு. இழுத்தா ரெண்டும் போயிரும்" என்றார். "ரெண்டு வழி இருக்கு. கன்னை உள்ளயே துண்டு துண்டா அறுத்து எடுத்தா மாடு பிழைக்கும். இல்ல, மாட்டு வயித்தைக் கீறி எடுத்தா ரெண்டும் பிழைக்கலாம்."

வீட்டுக்காரர் தன் அம்மாவைப் பார்த்தார். மாமியார் டாக்டரைப் பார்த்தார்.

"கன்னு உசுரோட இருக்குதுங்ளா?"

"இருக்கு."

"உள்ளாற கெடக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கேட்டது எதிர்ப்பாக இல்லை. மோட்டார் குழாயைப் பார்த்துக் கேட்ட அதே குரல். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "இங்க வாங்கம்மா" என்று கூப்பிட்டு, வெளியே தெரிந்த குளம்பின் பிளவுக்கு நடுவே விரலை வைத்து, "இங்க நல்லா அழுத்திக் கிள்ளுங்க" என்றார்.

மாமியார் கிள்ளினார். குளம்பு வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது.

அவர் கையை எடுத்தார். மறுபடி ஒரு தடவை கிள்ளினார். மறுபடி அது இழுத்துக்கொண்டது. பிறகு அவர் திரும்பினார். மாட்டைப் பார்க்கவில்லை; சுவரோரம் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். அவர் கண் நிறைந்திருந்தது. "அன்னிக்கு இப்படிப் பாக்கறதுக்கு ஒருத்தருமில்லாமப் போயிட்டாங்களே" என்று மட்டும் சொன்னார். டாக்டருக்கு அது புரிந்திருக்காது. எங்கள் மூன்று பேருக்கும் புரிந்தது.

"கீறுங்க சாமி" என்றார்.

என்னை உள்ளே போகச் சொன்னார்கள். மாசமாக இருப்பவள் ரத்தம் பார்க்கக் கூடாது என்று அக்கம்பக்கத்தில் குரல் வந்தது. நான் நகரவில்லை. "அவ பாக்கட்டும்" என்றார் மாமியார். யாரும் அதற்கு மேல் பேசவில்லை.

நெல் அவிக்கிற அண்டாவில் தண்ணீர் கொதித்தது. மாட்டின் இடது விலாப் பக்கம் சவர பிளேடால் மயிரை வழித்து, சோப்புப் போட்டுக் கழுவி, பழுப்பு மருந்து தடவினார். மரத்துப்போக வரிசையாக ஊசி குத்திக்கொண்டே போனார். கொஞ்ச நேரம் கழித்து ஊசி முனையால் அதே இடத்தில் குத்தினார். செவலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாட்டைப் படுக்க வைக்கவில்லை. நிற்க வைத்தே கீறினார். தோல், அதற்கடியில் சதை, அதற்கடியில் வெள்ளைத் துணி போல ஒரு ஜவ்வு, அப்புறம் கர்ப்பப்பை. அலறும், உதைக்கும் என்று கயிற்றோடு நின்றவர்கள் பிடியைத் தளர்த்தினார்கள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது செவலை குனிந்து, முன்னால் கிடந்த சோளத்தட்டில் ஒரு வாய் இழுத்துக் கடித்தது. யாரோ சிரித்துவிட்டார்கள்.

டாக்டரும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து கன்றைப் பின்னங்காலைப் பிடித்து விலாவழியாக வெளியே எடுத்தார்கள். சாம்பல் நிறம், நீளக் கால். தலைகீழாகத் தூக்கிப் பிடித்து, மூக்கில் இருந்த சளியை வழித்து, வைக்கோலால் தேய்த்தார்கள். முதலில் அசைவில்லை. பிறகு ஒரு தும்மல். கிடேரிக் கன்று.

தைக்கிற நேரத்தில் நான் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. எதற்கு வேறு வேறு நூல்? உள்நூலை எப்போது பிரிப்பீர்கள்? தையல் ஏன் உள்ளே வேறு மாதிரி, வெளியே வேறு மாதிரி? "உள்ள போட்டது தன்னாலயே கரைஞ்சிரும், வெளிய போட்டதைத்தான் பிரிக்கணும்" என்று அவர் தைத்துக்கொண்டே சொன்னார். அப்புறம், கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"டாக்டரே, இதுக்கு மறுபடி சினை நிக்குங்ளா?"

"நிக்கும்மா. பேடிக்கண்டா, பயப்படாதீங்க. சில மாட்டுக்கு லேட்டாகும். ஆனா நிக்கும்."

மாமியார் கன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். காது இங்கேதான் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் அந்தத் தையலை விட்டு விலகவில்லை. ஈ மொய்க்காமல் வேப்ப எண்ணெய் தடவினார். சீழ் வைக்கிறதா என்று முகர்ந்து பார்த்தார். டாக்டர் வந்து வெளித்தையலைப் பிரித்த அன்றைக்கு, காய்ந்திருந்த தழும்பின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் வந்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"சரசு, துணிமணி எடுத்து வெச்சுக்க. பாலக்காட்டுக்குப் போலாம்."

"எதுக்குங்க அத்தே?"

"எதுக்கா? உள்ளாற ஒண்ணு உசுரோட இருக்குது. வெளிய வர வழியில்லீன்னு தெரிஞ்சும் நான் பாத்துட்டு உக்காந்திருக்கறதா?"

4

இங்கே எங்கள் தெருக்கோடியில் கிரெய்க் என்பவரின் பால்பண்ணை இருக்கிறது. நடக்கப் போகும்போது வேலியோரம் நின்று பேசுவோம். அவருடைய மாடுகளின் கழுத்தில் ஒரு பட்டை. எந்த மாடு பருவத்துக்கு வந்தது, எது அசை போடாமல் நிற்கிறது என்று அவருடைய போனுக்குச் செய்தி வந்துவிடும். பார்க்கப் பார்க்க அலுக்காது. ஒரு நாள் என் உடைந்த ஆங்கிலத்தில், "சின்ன மாட்டுக்குப் பெரிய காளை போட்டால் என்ன செய்வாய்?" என்று கேட்டேன். போடவே மாட்டேன் என்றார். கன்று சுலபமாகப் பிறக்குமா என்பதற்கு ஒவ்வொரு காளைக்கும் கணக்கு வைத்திருக்கிறார்களாம்; முதல் ஈற்றுக் கிடேரிக்கு அதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பாராம்.

வீடு திரும்புகிற வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். செவலையின் கஷ்டத்தைக் கொண்டுவந்ததும் புதுமைதான், தீர்த்து வைத்ததும் புதுமைதான். மலைமேல் இருந்த காளையை நாங்கள் பார்க்கவில்லை. எங்கள் மாட்டின் அளவை அவர்கள் பார்க்கவில்லை. நடுவில் இருந்தது ஒரு புகை விடுகிற குடம். ஆனால் அந்தக் குடம் வராமல் இருந்திருந்தால் மாத்யூ டாக்டர் எங்கள் தொழுவத்துக்கு வந்திருக்க மாட்டார், என் மாமியார் அந்தக் குளம்பைக் கிள்ளியிருக்க மாட்டார். இது நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் மட்டும் இன்னும் கொஞ்சம் நேரம் பேசுவேன்.

செவலையின் கன்று பெரிதாகி, எங்கள் வீட்டில் யாரும் கண்டிராத அளவுக்குப் பால் கறந்தது. வெயில் தாங்காது, உண்ணி தாங்காது, பருத்திக்கொட்டை இல்லாமல் நிற்காது. அதற்கென்று தனிக் கொட்டகை போட்டோம். பத்து வருஷத்தில் எங்கள் தெருவில் நாட்டு மாடு ஒன்றுகூட இல்லை.

5

ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு ஒரு சிக்கல் வந்தது. ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். தாள் மலையாளத்தில் இருந்தது. வீட்டுக்காரருக்கு மலையாளம் பேசத் தெரியும், எழுத்துத் தெரியாது. அவர் கையெழுத்துப் போடப் போனபோது மாமியார் தாளின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"இதுல அந்த ஆபரேஷனும் எழுதியிருந்தா?"

நர்ஸ் விளக்கம் சொன்னாள். மாமியார் கையை எடுக்கவில்லை. எழுத்தர் வந்து சத்தம் போட்டார். கையை எடுக்கவில்லை. கடைசியில் கோமதி டாக்டரம்மாவே வந்தார். நிலைமையைக் கேட்டுவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மாமியாருக்கு எதிரே உட்கார்ந்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒவ்வொன்றாகத் தமிழில் வாசித்துச் சொன்னார். முடித்துவிட்டு, தாளின் அடியில் தன் கையால் தமிழில் எழுதினார்: 'குழந்தையை எடுப்பதற்கு மட்டும்.' அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

"இப்போ போறுமா மாமி?"

மாமியாருக்குத் தமிழும் வாசிக்கத் தெரியாது. ஆனால் எழுதின முகத்தை நன்றாகப் பார்த்தார். கையை எடுத்தார்.

எனக்கு முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே யாருடைய உடம்போ மாதிரி ஆயிற்று. நெஞ்சுக்கு நேராக ஒரு பச்சைத் துணியைத் திரை போலக் கட்டினார்கள். பயம் இருந்தது. ஆனால் பயத்தைவிட, திரைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை பெரிதாக இருந்தது.

"டாக்டரம்மா, தோல் ஆயிருச்சுங்ளா?"

கத்தரி சத்தம் நின்றது. "என்ன கேட்டே?"

"தோலுக்கு அடுத்தது சதை. அப்பறம் வெள்ளை ஜவ்வு. அதுக்கப்பறம்தானுங்க கர்ப்பப்பை?"

"எங்கே படிச்சே இதெல்லாம்?"

"எங்க ஊட்டு மாட்டுக்குப் பண்ணுனாங்க. பக்கத்துல இருந்து பாத்தனுங்க."

அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். டாக்டரம்மாவும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே செய்தார். "இப்போ ஜவ்வு. இப்போ கர்ப்பப்பைக்கு வந்தாச்சு. சித்தே அழுத்தறாப்பல இருக்கும், பொறுத்துக்கோ." நான் தும்மலுக்காகக் காத்திருந்தேன். வந்தது அழுகை.

"பொண்ணாக்கும்!" என்றார்.

துணியில் சுற்றி வெளியே கொண்டு போய் மாமியார் கையில் கொடுத்தார்கள். எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள், ஆணா பெண்ணா என்று கேட்பார்கள். என் மாமியார் துணியை விலக்கி முதலில் பாதத்தைத் தேடினாராம். வீட்டுக்காரர் சொன்னார். உள்ளங்காலை லேசாகத் தொட்டதும் குழந்தை காலை இழுத்துக்கொண்டதாம். அதற்குப் பிறகுதான் அவர் அழுதாராம்.

6

இனிச் சொல்வது சுமதிக்கு இதுவரை தெரியாது.

செவலைக்கு மறுபடி ஊசி போட்டார்கள். நிற்கவில்லை. அடுத்த பருவத்துக்கும் போட்டார்கள். நான் தினமும் கேட்பேன். "நிக்கும், டாக்டர் லேட்டாகும்னாரல்லோ" என்பார் மாமியார். ஒரு நாள் மாட்டை வேலந்தாவளத்தில் இருந்த தன் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அங்கே மேய்ச்சல் நன்றாக இருக்கிறதாம். கொஞ்ச காலம் கழித்து, செவலைக்குச் சினை நின்றுவிட்டது என்று தம்பி வீட்டிலிருந்து சேதி வந்ததாகச் சொன்னார். பிறகு, கன்று போட்டுவிட்டது என்றார். காளைக் கன்று, செவலை மாதிரியே நிறம், இந்தத் தடவை தானாகவே பிறந்தது என்றெல்லாம் சொன்னார். கைக்குழந்தையோடு நான் போய்ப் பார்க்க முடியவில்லை. கேட்கவே நிறைவாக இருந்தது. அதற்குச் சில மாதங்கள் கழித்து எனக்கும் நாள் தள்ளியது.

இரண்டாவது ஆபரேஷனும் கோமதி டாக்டரம்மா கையால்தான். பையன் பிறந்தான். சுமதியைப் பார்த்துக்கொள்ள மாமியார் ஊரில் தங்கிவிட்டார். மறுநாள் தையலைப் பார்க்க வந்தபோது அவர் கேட்டார்:

"உன் மாமியார் சௌக்யமா இருக்காளா? நடுவிலே ஒரு நாள் தனியா வந்தாளே. சொல்லலையா?"

எனக்குப் புரியவில்லை. என் மாமியார் தனியாகப் பாலக்காட்டுக்கு வந்ததே கிடையாது. பஸ் பலகையில் இருக்கிற மலையாளத்தை அவரால் வாசிக்க முடியாது.

"வந்து, க்யூவிலே நின்னுண்டிருந்தா. என்ன மாமி, உடம்புக்கு என்னன்னேன். உடம்புக்கு ஒண்ணுமில்லே, எங்க மாட்டுக்கு ஆபரேஷனுக்கு அப்பறம் சினையே நிக்கலை, என் மருமகளுக்கும் அப்படித்தானான்னு கேட்டா. மாட்டு விஷயம் எனக்குத் தெரியாது, மனுஷா விஷயம்னா சொல்றேன்னேன். வாயால சொன்னாப் போறாது, வரைஞ்சு காட்டுங்கோன்னுட்டா. வரைஞ்சேன். எங்கே கீறினேள், எங்கே தைச்சேள், குழந்தை தங்கற இடம் எதுன்னு ஒவ்வொண்ணாக் கேட்டுத் தெரிஞ்சுண்டுதான் எழுந்தா. அந்தப் படத்தை மடிச்சு இடுப்புலே சொருகிண்டு போனா."

வீட்டுக்கு வந்து சில நாள் ஆயிற்று. ஒரு காலை, மாமியார் முற்றத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, பையனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். சுமதி நனைந்துகொண்டு சுற்றிச் சுற்றி ஓடினாள்.

"அத்தே, செவலை வேலந்தாவளத்துல கன்னு போட்டுதுன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன்."

"போடலீங்ளா?"

"போடலை." குழந்தையின் மேல் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினார். "டாக்டரம்மா சொல்லிட்டாங்கல்லோ, அது வேற, நீ வேறன்னு? படம் போட்டுக் காட்டுனாங்க. எனக்குப் புரிஞ்சுது. ஆனா உனக்கு மாட்டைப் பாத்துத்தானே தெம்பு வந்துது? அது நிக்கலீன்னு தெரிஞ்சா நீ பயந்து போயிருவே. உனக்கு ஒண்ணு பொறக்கற வரைக்கும் அதுக்குப் பொறந்ததாவே இருக்கட்டும்னு உட்டுட்டேன்."

நான் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வேடிக்கை பாத்துட்டு நிக்காத அம்முணி" என்றார் மாமியார். "தண்ணி ஊத்து. பையனுக்குக் கண்ணுல சோப்பு போகுது பாரு."